தாய்க்கு விடும் பெட்டை ஆட்டுக்குட்டி: எதை நிறுத்துவது, எதை விற்பது?

செம்மண்காடு:
விருதுநகர் பக்கம் மேய்ச்சல் பட்டி. கன்னி இன வெள்ளாடு, தாயாடு 40, கிடா 2. பகல் முழுக்க மேய்ச்சல், சாயங்காலம் தாய்க்கு மட்டும் 200 கிராம் அடர்தீவனம். இந்த ஈத்தில் பெட்டைக்குட்டி 24 நிற்கிறது, எல்லாம் மூன்று மாதத்தை ஒட்டிய வயது. வியாபாரி வந்து கொழுகொழுவென்று இருக்கும் ஆறேழு பெட்டையைத்தான் கேட்கிறார். கிடாக்குட்டி விலையே தருவதாகச் சொல்கிறார். அதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தாய்க்கு (அடுத்த தாயாடாக வளர்க்க) விடலாமா, இல்லை பெரிய குட்டியை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதா? எத்தனை நிறுத்த வேண்டும்? தாய் எல்லாவற்றுக்கும் காதுவில்லை உண்டு. குட்டி பிறந்த தேதி, எந்தத் தாயின் குட்டி, ஒற்றையா இரட்டையா என்பது நோட்டில் இருக்கிறது. பிறந்த எடை எழுதவில்லை.

கரும்போறை:
தம்பி, எண்ணிக்கையை முதல்ல முடிப்போம். 40 தாயில வருஷத்துக்கு எட்டு உருப்படி கழியும். பல்லு தேஞ்சது, மடி கெட்டது, சினை நிக்காதது, செத்தது எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குன்னு வச்சுக்கோ. அப்போ உனக்கு வேண்டியது எட்டு சினைப்பெட்டை. எட்டு வேணும்னா இப்போ எட்டை நிறுத்தினா பத்தாது. மூணு மாசத்துக்கும் பத்து மாசத்துக்கும் நடுவுல நாலு உதிரும். 12 நிறுத்து. ஆறு மாசத்துல ஒரு தடவை, கிடா சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சலிச்சா எட்டு ஒன்பது நிக்கும்.

அடுத்தது, குட்டியப் பாக்காதே. நோட்ட எடுத்துக்கிட்டுத் தாயப் பாரு. எந்தத் தாயோட மக வேணாம்னு ஒரு பட்டியல் போடு:

இரண்டாம் ஈத்து, மூணாம் ஈத்து ரெண்டுலயும் ஒத்தைக்குட்டி போட்டது. குட்டிய ஊட்ட விடாம முட்டித் தள்ளினது. ஒரு பக்கம் மடி கல்லு மாதிரி ஆனது. சினை விழுந்தது. சினையா இருக்கும்போது பின்பக்கம் தள்ளிக்கிட்டு வந்தது. இரட்டை போட்டு ஒண்ண ஒவ்வொரு தடவையும் சாக விட்டது. காம்பு தடிச்சுப் போயி, பிறந்த குட்டி வாயில கவ்வ முடியாம நாம பீச்சிக் கொடுக்க வேண்டி வந்தது.

இந்தத் தாய்களோட மக எவ்வளவு மினுமினுன்னு இருந்தாலும் வியாபாரிக்குக் கொடு. பட்டியல் போட்ட பிறகுதான் பட்டிக்குள்ள போகணும். முதல்ல குட்டியப் பாத்துட்டா, அழகா இருக்கிற குட்டிக்காகத் தாயோட தப்பு நமக்கு மறந்து போகும்.

பரண்வாசி:
கரும்போறை அண்ணா சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேங்க. நான் பார்க்கிறது தலைச்சேரி இன ஆடு, பரண் மேல வளர்ப்பு. குட்டி எத்தனை போடுதுங்கிறது தாயிடமிருந்து மகளுக்கு ரொம்பக் குறைவாத்தான் இறங்கும். வளர்ச்சி வேகம் அதைவிட நல்லா இறங்கும். அப்புறம் எதுக்குங்க ஒற்றை இரட்டைன்னு கணக்குப் பார்த்துட்டு? எடையில முன்னால இருக்கிற 12 குட்டியை நிறுத்துங்க. வியாபாரி கேட்கிற அந்த ஆறேழையும் கொடுக்காதீங்க. நல்லதை எல்லாம் வித்துட்டு மிச்சத்தைத் தாய்க்கு விட்டா நாலு வருஷத்துல பட்டியே குள்ளமாயிரும்.

கணக்குநோட்டு:
பரண்வாசி சொல்லும் முதல் விஷயம் உண்மை. குட்டி எண்ணிக்கையில் ஆட்டுக்கு ஆடு நாம் காணும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் மரபில் இறங்கும். வளர்ச்சி எடையில் பத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு வரை. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

மூன்று மாதக் குட்டியில் பெரியது எது? பெரும்பாலும் ஒற்றையாகப் பிறந்து ஒரு மடிப் பாலையும் தனியாகக் குடித்தது. அல்லது பத்து இருபது நாள் முன்னால் பிறந்தது. அல்லது நான்காம் ஈத்துத் தாயின் குட்டி. இந்த மூன்றில் எதுவுமே குட்டியின் சொந்தச் சரக்கு இல்லை. எடையை மட்டும் பார்த்து மேலிருந்து 12 எடுத்தால், தெரியாமலே ஒற்றைக்குட்டித் தாய்களின் மகள்களை நிறுத்தியவர் ஆகிறோம்.

கணக்கு இப்படி. (இன்றைய எடை − பிறந்த எடை) ÷ வயது நாள் × 90 + பிறந்த எடை. 90 நாளுக்குச் சமன் செய்த எடை இது. செம்மண்காடு, உங்களிடம் பிறந்த எடை இல்லை என்பதால் ஒற்றைக்கு 2.2 கிலோ, இரட்டைக்கு 1.9 என்று எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வையுங்கள். சிறு பிழை வரும், வரிசை பெரிதாக மாறாது.

ஒற்றைக்குட்டி, வயது 104 நாள், எடை 11.4 கிலோ. கணக்கு 10.2 தரும்.
இரட்டையில் ஒன்று, வயது 82 நாள், எடை 8.6. கணக்கு 9.3 தரும். கூடப் பிறந்தது 8.2 கிலோ, அதற்கு 8.8.

பட்டியில் நின்று பார்த்தால் முதல் குட்டிக்கும் இரண்டாவதற்கும் 2.8 கிலோ வித்தியாசம், கண்ணை உறுத்தும். வயதைச் சமன் செய்தால் சுமார் ஒரு கிலோதான். அதிலும் இரண்டாவது குட்டி பாலைப் பங்கு போட்டுக் குடித்தது. தாயின் பக்கம் நின்று பாருங்கள்: ஒரு தாய் 90 நாளில் கொடுத்தது 10 கிலோ குட்டி, மற்றவள் கொடுத்தது 18 கிலோ. இரண்டுக்கும் தீவனச் செலவு ஏறக்குறைய ஒன்றே.

ஆகவே ஒற்றையை ஒற்றையோடும், இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுங்கள். முதல் ஈத்துத் தாயின் குட்டிகளைத் தனியாக வையுங்கள், அவை எப்போதும் சிறிதாகவே வரும். அடைமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் பிறந்ததைத் தை மாதத்தில் பிறந்ததோடு சேர்த்து வரிசை போடாதீர்கள்.

மரபில் பத்தில் ஒன்றுதான் இறங்கும் என்றால், தாயின் ஒரு ஈத்தைப் பார்த்து முடிவு செய்வது வீண் என்று பொருள். மூன்று ஈத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். கிடாவின் தாயையும் பார்க்க வேண்டும் என்று பொருள். பார்க்கவே வேண்டாம் என்பது அல்ல.

பரண்வாசி:
வயசைச் சமன் பண்ணணும்கிறது சரிதாங்க, அதை நான் சொல்லாம விட்டுட்டேன். ஆனா இரட்டைன்னு ஒரே காரணத்துக்காக எலும்பும் தோலுமா இருக்கிறதை நிறுத்தக்கூடாது. இரட்டைகளுக்குள்ள கீழ இருக்கிற மூணில் ஒரு பங்கைத் தள்ளுங்க.

கணக்குநோட்டு:
அதில் மாற்றுக் கருத்து இல்லை.

செம்மண்காடு:
தராசு இல்லை. டேப் வைத்து அளந்தால் போதுமா?

கணக்குநோட்டு:
தொங்கும் டிஜிட்டல் தராசு 50 கிலோ அளவில் ஒன்று வாங்கிவிடுங்கள். உரச்சாக்கில் நான்கு ஓட்டை போட்டுக் கால்களை அதில் விட்டுத் தொங்கவிட்டால் குட்டி துள்ளாது. காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன், தண்ணீர் காட்டும் முன் எடை போட வேண்டும். சாயங்காலம் வயிறு நிறைந்த பிறகு போட்டால் ஒரு கிலோவுக்கு மேலும் பொய் சொல்லும்.

டேப் என்றால்: முன்னங்காலை ஒட்டி நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்பட்டை முனையிலிருந்து பின்னெலும்பு முனை வரை ஒரு அளவு, இரண்டும் அங்குலத்தில். நெஞ்சளவு × நெஞ்சளவு × நீளம் ÷ 660 = கிலோ. நெஞ்சு 19, நீளம் 17 என்றால் 9.3 கிலோ. நெஞ்சு 24, நீளம் 22 என்றால் 19.2 கிலோ. ஆடு நேராக நிற்க வேண்டும், டேப்பை இறுக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. அரை அங்குலம் தவறினால் குட்டியில் அரைக் கிலோ போய்விடும். ஒருவரே எல்லாக் குட்டியையும் அளப்பது நல்லது. கிடா சேர்க்கும் எடையைத் தெரிந்துகொள்ள டேப் போதும். இரண்டு குட்டிகளுக்கு இடையே 300 கிராம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போதாது.

ஆட்டுவைத்தியம்:
எடை வரிசைக்கு முன்பாகவே உடல் சோதனையை முடித்துவிடுங்கள். ஒரு குட்டிக்கு இரண்டு நிமிடம் போதும். தலையில் தொடங்கி வால் வரை ஒரே ஒழுங்கில் பார்த்தால் எதுவும் விடுபடாது.

வாய்: ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது, அங்கே கெட்டியான ஈறுதான். வாயை மூடிப் பிடித்து உதட்டை மட்டும் விலக்குங்கள். கீழ்ப்பற்களின் நுனி மேல் ஈறின் மீது சரியாகப் பொருந்த வேண்டும். கீழ்த்தாடை உள்ளே தள்ளிக் கிளிமூக்குப் போல் இருந்தாலும், முன்னே துருத்திக்கொண்டு இருந்தாலும் கழியுங்கள். பால் குடிக்கும் வயதில் இதனால் குறை தெரியாது. கருவேலங்காட்டில் கடித்து மேயும்போதுதான் தெரியும். மரபில் இறங்கும் குறை என்பதால் உடன்பிறந்ததையும் உற்றுப் பாருங்கள்.

கண்: கீழ் இமையை விலக்கி நிறம் பார்க்கவும். இதைப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

தொப்புள்: விரலால் தடவினால் ஓட்டை தட்டுப்பட்டு, அழுத்தினால் உள்ளே போகும் வீக்கம் இருந்தால் குடலிறக்கம். கறிக்கு வளர்க்கலாம். தாய்க்கு வேண்டாம்.

காம்பு: குட்டியை உட்கார வைத்து மடிப் பகுதியைத் தடவுங்கள். இரண்டு காம்பு, ஒரே அளவு, ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக விலகி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒட்டிப் பிறந்த குட்டிக்காம்பு, மீன்வால் போல் நுனி இரண்டாகப் பிரிந்த காம்பு, துளையில்லாக் காம்பு எல்லாம் உண்டு. மூன்றாவது காம்பில் துளை இல்லையென்றால் குட்டி அதையே சப்பிக்கொண்டு பட்டினி கிடக்கும். துளை இருந்தால் மடிநோய்க்கு இன்னொரு வாசல். போயர் என்ற வெளிநாட்டுக் கறி ஆட்டில் கூடுதல் காம்பை ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டு இனத்தில் இரண்டுக்கு மேல் வேண்டியதில்லை. கூடுதல் காம்பை வெட்டிவிட்டு நிறுத்துவது ஏமாற்று வேலை, குறை அடுத்த தலைமுறையில் திரும்பி வரும்.

பெண்குறி: இதைத்தான் அதிகம் பேர் பார்ப்பதில்லை. அளவு மிகச் சிறியதாக இருந்தாலோ, கீழ் நுனியில் பட்டாணி போல் சதை துருத்தினாலோ, ஆசனவாய்க்கும் அதற்கும் இடைவெளி வழக்கத்தைவிட நீண்டிருந்தாலோ அது இருபாலினக் குட்டியாக இருக்கலாம். வெளியே பெட்டை, உள்ளே கருப்பை முழுதாக இருக்காது. வளர வளரக் கிடாபோல் கழுத்து தடிக்கும், சில கிடா வாடையும் அடிக்கும். இவை பெரும்பாலும் மோழைக் குட்டிகள். பிறவியிலேயே கொம்பில்லாத் தன்மையும் இந்தக் குறையும் மரபில் ஒட்டியே வரும். தாய் தந்தை இருவருமே மோழையாக இருந்தால்தான் இது தலைகாட்டும். ஒருவருக்குக் கொம்பு இருந்தால் பயம் இல்லை. இந்தக் குட்டிக்குச் சினையும் பாலும் இல்லாததால் உடம்பு நன்றாக ஏறும். எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் இதை முதலிடத்தில் நிறுத்திவிடுவார்.

கால்: கீழே கரும்போறை எழுதட்டும், மேய்ச்சல் ஆட்டுக் காலை அவர் நன்றாகச் சொல்வார்.

சுழி பார்ப்பது, நாக்கில் கறுப்பு பார்ப்பது எல்லாம் சந்தை விலைக்கு உதவலாம். மடிக்கு உதவாது.

கரும்போறை:
காலு: தரை சமமா இருக்கிற இடத்துல குட்டிய நடக்க விட்டுப் பின்னாலிருந்து பாரு. பின்முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசக்கூடாது. மாட்டு முட்டின்னு சொல்லுவாங்க. உரசினா நாளைக்கு மடி வளர்ற இடமே இருக்காது, நடக்க நடக்க மடி தொடையில அடிபடும். பக்கத்துல இருந்து பாத்தா பின்கால் ஒரேயடியா கம்பு மாதிரி நேரா இருக்கக்கூடாது, ரொம்ப வளைஞ்சும் இருக்கக்கூடாது. குளம்புக்கு மேல இருக்கிற கணு தரையில இறங்கி நடந்தா கழி. வயசாக ஆக, சினை பாரம் ஏற ஏற இன்னும் இறங்கும். முதுகு நேரா இருக்கணும், இடுப்பு எலும்பு ரெண்டுக்கும் நடுவுல அகலம் வேணும். வால் பக்கம் கூரை மாதிரி சரிஞ்ச குட்டிக்கு ஈனும்போது கஷ்டம்.

மேய்ச்சல் ஆட்டுக்கு நீளக்கால் குறையில்ல. கொடி, கன்னி ரெண்டு இனமும் உயரமான உடம்புதான், முள்ளுச்செடி மேல முன்னங்கால வச்சு எக்கி மேய அது வேணும். கறிக்கடைக்காரன் கண்ணோட பாத்துக் குட்டையா, உருண்டையா இருக்கிறத நிறுத்தாதே.

நிறம்: கன்னியில கறுப்பு உடம்பு, முகத்துல கொம்படியிலிருந்து மூக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் கோடு, வயித்துக்கடியிலயும் காலிலயும் அதே நிறம். கோடு வெள்ளைன்னா பால்கன்னி, சிவப்புன்னா செங்கன்னி. நீ இனவிருத்திக்குப் பெட்டை விக்கிறவன்னா நிறத்தைப் பாரு. கறிக்குட்டி விக்கிறவன்னா நிறத்துக்காக நல்ல தாயோட மகளைத் தள்ளாதே. ஆனா அடையாளமே இல்லாம காது தொங்கிப் போயி கலப்பு தெரிஞ்சா, உன் கிடா எங்கிருந்து வந்ததுன்னு யோசி.

இன்னொண்ணு. குட்டியோட மடி எப்படி வரும்னு மூணு மாசத்துல யாராலயும் சொல்ல முடியாது. அதனால தாயோட மடியப் பாரு, பால் மறக்கடிக்கிறதுக்கு முன்னாடி. பின்முட்டிக்குக் கீழ தொங்கினா முள்ளு கிழிக்கும். ரெண்டு பக்கத்தையும் பீச்சிப் பாரு. ஒரு பக்கம் தண்ணியா, திரிதிரியா வந்தா அந்தத் தாயும் கழியணும், மகளும் வேணாம்.

புதுப்பட்டி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். சொந்தப் பட்டியில் குட்டி இல்லாதவர் என்ன செய்வது? எட்டயபுரம் சந்தையில் வாங்கலாமா?

கரும்போறை:
எட்டயபுரம், மேலப்பாளையம், திருப்புவனம், கன்னிவாடி எங்க போனாலும் கதை ஒண்ணுதான். தாய் ஆட்டை நல்லதுன்னு தெரிஞ்சு யாரும் சந்தைக்கு ஓட்டிட்டு வர மாட்டான். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னாடி விலை வேற ஏறி நிக்கும். பட்டிக்கே போயி, தாயைக் காட்டச் சொல்லி, அது பால் கொடுக்கிறதைப் பாத்து வாங்கு.

சந்தையிலதான் வாங்கணும்னா பல்லைப் பாரு. எட்டு மாசக் குட்டின்னு சொல்லி வாயைத் திறந்தா முன்னால ரெண்டு பெரிய பல்லு நிக்கும். அப்படின்னா வயசு ஒரு வருஷத்தைத் தாண்டிடுச்சு. இன்னும் சினை இல்லாம நிக்குதுன்னா காரணம் இருக்கும். மலடா இருக்கலாம், சினை விழுந்ததா இருக்கலாம்.

ஆட்டுவைத்தியம்:
வாங்கிய ஆட்டை 30 நாளாவது தனியாக வையுங்கள். அதற்கு வேறு ஆள் தீவனம் வைக்கட்டும், இல்லையென்றால் மற்ற ஆடுகளுக்கு வைத்த பிறகு கடைசியாக வையுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் சந்தை வழியாகத்தான் அதிகம் வருகிறது. சினை விழ வைக்கும் புரூசெல்லா கிருமிக்கு ரத்தம் எடுத்துப் பரிசோதித்த பிறகே தாய்களோடு சேருங்கள். அது மனிதருக்கும் தொற்றும். செம்மண்காடு குட்டிகளுக்கு: ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி நான்காம் மாதத்தில். துள்ளுமாரிக்கு மழைக்கு முன். கோமாரி ஊசி அரசு முகாம் வரும்போது. ஊசி போட்ட வாரத்தில் எடை வரிசை போடாதீர்கள்.

கண் இமை விஷயம். மேய்ச்சல் ஆட்டில் மழைக்குப் பிறகு ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு ஏறும். இமையின் உட்புறம் செக்கச்செவேல் என்றால் 1, வெள்ளைத்தாள் போல் என்றால் 5 என்று ஐந்து படிகள் கொண்ட ஃபமாச்சா அட்டை இருக்கிறது, தென் ஆப்பிரிக்காவில் உருவானது. வெள்ளாட்டில் 3, 4, 5 என்று வந்தால் மருந்து கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, யாருக்கு மருந்து கொடுத்தோம் என்று காதுவில்லை எண்ணோடு குறியுங்கள். ஆறாம் மாதச் சலிப்பில் நோட்டின் இந்தப் பக்கம்தான் மிகவும் பயன்படும். ஒரே காட்டில் மேய்ந்து, மற்றவை ஒரு முறை மருந்து வாங்கியிருக்க, ஒரு குட்டி நான்கு முறை வாங்கியிருந்தால் அது புழுவைத் தாங்காத உடம்பு. அதன் புழுக்கை மற்றவற்றுக்கும் புழுவைப் பரப்பும். எடை நன்றாக இருந்தாலும் கழியுங்கள்.

எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து கொடுக்கும் பட்டியில் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. மருந்தும் வேலை செய்யாமல் போய்விடும், அதிலும் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாகக் கொடுத்தால். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுக்கக்கூடாது என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

ஒரு மாதம் இரண்டு மாத வயதில் ரத்தக்கழிச்சல் கண்டு பிழைத்த குட்டிகளையும் அடையாளம் வையுங்கள். குடலில் ஏற்பட்ட வடு காரணமாகச் சில கடைசி வரை எழும்பாது. மூன்று மாதத்தில் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம், ஆறு மாதத்தில் கொடுக்க வேண்டாம்.

செம்மண்காடு:
நிறுத்திய 12 குட்டிக்குத் தனியாகத் தீவனம் வேண்டுமா? கிடா எப்போது சேர்ப்பது?

பரண்வாசி:
இங்கதான் பாதிப்பேர் கோட்டை விடறாங்க. தேர்ந்தெடுத்ததும் வேலை முடிஞ்சுதுன்னு தாயோட கூட்டத்துல விட்டுருவாங்க, பெரிய ஆடு முட்டித் தள்ளி குட்டிக்குத் தொட்டியில ஒண்ணும் கிடைக்காது.

கணக்கு பாருங்க. கன்னிப் பெட்டை முழு வளர்ச்சியில 28 கிலோ சுமாருக்கு நிக்கும். அதில் நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு, அதாவது 18லிருந்து 19.5 கிலோ வந்தா கிடா சேர்க்கலாம். உங்க குட்டி இப்போ 9 கிலோ. பத்தாம் மாசத்துல 19 வரணும்னா ஏழு மாசத்துல 10 கிலோ, ஒரு நாளைக்கு 48 கிராம் சுமார். மேய்ச்சல் மட்டும் இருந்தா கோடையில இது வராது.

ஒரு நாளைக்கு 150 கிராம் அடர்தீவனத்துல ஆரம்பிச்சு ஆறு மாசத்துல 200, 250ன்னு கொண்டு போங்க. மக்காச்சோளம் 45, கடலைப் பிண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 30, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. நூறு கிலோவுக்கு. பூஞ்சை பிடிச்ச பிண்ணாக்கு மலிவா வந்தாலும் தொடாதீங்க. பசுந்தீவனத்துக்கு வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா. சவுண்டல் தழை நல்ல சத்துதான், ஆனா மொத்தப் பசுந்தீவனத்துல மூணில் ஒரு பங்குக்கு மேல போகாதீங்க, அதிலிருக்கிற மைமோசின் ரோமத்தைக் கொட்ட வைக்கும், கழுத்துச் சுரப்பியும் வீங்கும்.

அதுக்காக ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைக்கவும் கூடாதுங்க. வளர்ற வயசுல கொழுப்பு ஏறினா மடியில பால் திசு இருக்க வேண்டிய இடத்துல கொழுப்பு உட்காரும். பருவத்துக்கும் சரியா வராது. முதுகெலும்பைத் தடவினா முள் தட்டணும், ஆனா குத்தக்கூடாது. ஒண்ணுலிருந்து அஞ்சு வரை மதிப்பெண் போட்டா மூணு.

கிடாக்குட்டியை மூணு மாசம் முடிஞ்சதும் பிரிச்சிருங்க, இல்ல காயடிச்சிருங்க. நாலு அஞ்சு மாசக் கிடா ஏறிரும், பெட்டையும் ஆறு மாசத்துலயே பருவத்துக்கு வந்துரும். 11 கிலோவுல சினை பிடிச்ச பெட்டை தன் உடம்பையும் வளர்க்காது, குட்டியையும் வளர்க்காது. ஈனும்போது முட்டிக்கிட்டு நிக்கும். வயசைப் பார்த்துக் கிடா சேர்க்காதீங்க, எடையைப் பாருங்க. சேர்க்கிறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி தீவனத்தை 200 கிராம் கூட்டினா பருவம் நல்லா தெரியும்.

கரும்போறை:
முதல் பருவத்தை விட்டுடு. ரெண்டாவது மூணாவதுல சேரு. கத்தும், வால் ஆட்டும், மத்த ஆட்டு மேல ஏறும், வழவழன்னு ஒழுகும். ஒண்ணு ஒன்றரை நாள் நிக்கும். காலையில பாத்தா சாயங்காலம், சாயங்காலம் பாத்தா மறுநாள் காலையில கிடாகிட்ட விடு. சினை பிடிக்கலன்னா 18லிருந்து 21 நாளுக்குள்ள திரும்பக் கத்தும். மூணு தடவை சேர்த்தும் நிக்காததுக்கு நாலாவது தடவை பாக்காதே. அதுக்குள்ள அது நல்ல எடையில இருக்கும், கறி விலை போகும்.

கணக்குநோட்டு:
யாரும் கேட்காத ஒன்று. இரண்டு கிடாவும் சேர்ந்தே திரிந்தன என்றால் எந்தக் குட்டி எந்தக் கிடாவுடையது?

செம்மண்காடு:
தெரியாது. இரண்டும் பட்டியிலேயேதான் இருக்கின்றன.

கணக்குநோட்டு:
அப்படியானால் இந்த 12 பெட்டை பருவத்துக்கு வருவதற்குள் இரண்டு கிடாவும் வெளியே போக வேண்டும். தகப்பனோடு சேர்ந்த மகளின் குட்டிக்கு உள்ளினக் கலப்பு நூற்றுக்கு 25. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கை சேர்ந்தால் 12.5. குட்டி எடை குறைவது, பிறந்த வாரத்தில் சாவது, தாடைக் குறை, மலடு எல்லாம் அதில்தான் கூடும். இதுவரை எழுதிய அத்தனை சலிப்பும் அங்கே வீணாகிவிடும்.

உங்களுக்கு ஆறேழு மாதம் இருக்கிறது. தாய்களுக்கு அடுத்த சினை பிடித்ததும் கிடாவை மாற்றிவிடலாம். பிறந்த பட்டியிலிருந்தே உடன்பிறந்த கிடாவை எடுத்துவிடாமல், வேறு ஊர்ப் பட்டியிலிருந்து கொண்டுவாருங்கள். அந்தக் கிடாவின் தாய் குறைந்தது இரண்டு ஈத்து இரட்டை போட்டு, இரண்டையும் வளர்த்திருக்க வேண்டும். ஒரு பெட்டையைச் சரியாகத் தேர்ந்தால் வருடத்துக்கு இரண்டு மூன்று குட்டிக்கு நன்மை. ஒரு கிடாவைச் சரியாகத் தேர்ந்தால் பட்டியில் பாதிக்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

முடிந்தால் அடுத்த முறை இரண்டு கிடாவையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். இரவில் ஒரு கிடாவை 20 தாயோடு தனிப் பட்டியில் அடைத்தால் தகப்பன் பெயர் நோட்டில் ஏறும்.

புதுப்பட்டி:
நிறுத்திய பெட்டை முதல் ஈத்தில் ஒற்றைக்குட்டி போட்டால் கழிக்க வேண்டுமா?

கரும்போறை:
வேண்டாம். முதல் ஈத்துல ஒத்தை சகஜம். அங்க பாக்க வேண்டியது வேற. குட்டிய நக்கிச்சா, சீம்பால் குடிக்க நின்னுச்சா, மூணு மாசத்துல குட்டி எடை என்ன. இரண்டாம் ஈத்துக்கப்புறம் எண்ணிக்கையப் பேசலாம். ஆனா முதல் ஈத்துக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி எட்டு மாசத்தைத் தாண்டிப் பத்து, பதினொண்ணுன்னு போனா குறிச்சு வை. அஞ்சு மாசம் சினை, மூணு மாசம் பால், அதுக்கு மேல சும்மா நிக்கிற ஒவ்வொரு மாசமும் தீவனம்தான்.

பரண்வாசி:
பரண்ல, தீவனம் நம்ம கையில இருக்கிற இடத்துல, இரண்டாம் ஈத்து வரைக்கும் பொறுக்கறது செலவுங்க. முதல் ஈத்துல குட்டி எடை பட்டிச் சராசரிக்குக் கீழ போனா நாங்க கொடுத்துருவோம். மேய்ச்சல் பட்டிக்கு அண்ணா சொல்றதே பொருந்தும்.

செம்மண்காடு:
தராசு வாங்கி இன்று காலையில் முடித்தேன். தாய்ப் பட்டியலில் கழிந்தது 5 குட்டி. வியாபாரி கேட்ட ஏழில் மூன்று அதிலேயே போய்விட்டது, எல்லாம் ஒற்றை. உடல் சோதனையில் 3: ஒன்றுக்கு மீன்வால் காம்பு, ஒன்றுக்குக் கீழ்த்தாடை உள்ளே, ஒன்றுக்குத் தொப்புள் ஓட்டை. மிச்சம் 16-ல் சமன் செய்த எடையில் கீழே இருந்த 4. நிற்பது 12, அதில் 9 இரட்டை. ஒரு சந்தேகம். அந்த 12-ல் ஒன்று மோழை. தாய்க்குக் கொம்பு உண்டு, மூன்று ஈத்தும் இரட்டை. இரண்டு கிடாவில் ஒன்று மோழை.

ஆட்டுவைத்தியம்:
தாய்க்குக் கொம்பு இருப்பதால் இந்தக் குட்டி இருபாலினமாக இருக்க வாய்ப்பில்லை. பெண்குறியை ஒரு முறை பார்த்துவிட்டு நிறுத்துங்கள். புதிதாக வாங்கும் கிடா கொம்புள்ளதாக இருக்கட்டும். கொம்பு சுட்ட கிடாவா பிறவி மோழையா என்று உச்சியைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். சுட்டதில் தழும்பு தட்டும். மோழையில் தழும்பு இல்லாமல் இரண்டு உருண்டை மேடு மட்டும் இருக்கும்.